மன்னரும் மனச்சான்றும்: விசுவாசப் பிரமாணத்தின் வரலாறு

தோட்டத்தில் ஒரு வீட்டில் நகையோ பணமோ காணாமற் போய்விடுகிறது. இன்னார்மீது ஐயம் என்று லயத்தில் பேச்சு எழுகிறது. கண்ணால் கண்ட சாட்சி ஒருவரும் இல்லை. இத்தகைய வேளையில் பெரியவர்கள் என்ன செய்வார்கள் என்பதை வாசகர்கள் அறிவார்கள். இரு தரப்பாரையும் மாரியம்மன் கோயிலுக்கோ முனியாண்டி சன்னதிக்கோ அழைத்துச் செல்வார்கள். கற்பூரம் ஏற்றப்படும். ஐயத்திற்கு ஆளானவர் அந்தச் சுடரை அணைத்து, "நான் எடுக்கவில்லை" என்று சத்தியம் செய்துவிட்டால் வழக்கு அத்துடன் முடிந்தது. அதற்கு மேல் விசாரிப்பது தெய்வத்தின் பொறுப்பு.

அதே பெரியவர்கள்தாம், பிள்ளைகள் பேச்சுக்குப் பேச்சு "சத்தியமா" என்று சொன்னால் அதட்டி அடக்குவார்கள். தோட்டப் பள்ளியில் ஆசிரியராக இருந்த நாள்களில், காணாமற் போன அழிப்பானுக்காகத் தாயின் தலைமீது ஆணையிட்ட சிறுவர்களை நான் பலமுறை கண்டதுண்டு. ஆணை என்பது அடிக்கடி எடுத்துப் புழங்கும் பண்டமன்று என்பதை அவர்களுக்கு விளக்குவதற்குள் மணி அடித்துவிடும்.

இந்தச் சத்தியத்தை அண்டை வீட்டார் கேட்காமல் அரசாங்கமே கேட்டால் என்ன செய்வது? என் பாட்டனாருக்கு 1958ஆம் ஆண்டில் அந்தக் கேள்வி எழுந்தது. மலாயா விடுதலை பெற்று ஓராண்டு ஆகியிருந்தது. தோட்டங்களில் குடியுரிமைக்கு விண்ணப்பிக்கும் பணி மும்முரமாக நடந்துகொண்டிருந்தது. விண்ணப்பித்து, அலுவலர் கேட்கும் கேள்விகளுக்கு விடை கூறினால் மட்டும் போதாது. பிரமாணமும் எடுக்க வேண்டும். கூட்டரசுக்கு வெளியே உள்ள எந்த நாட்டின்மீதும் தமக்குள்ள விசுவாசத்தை அடியோடு துறப்பதாகவும், கூட்டரசின் உண்மையான, விசுவாசமுள்ள குடிமகனாக இருப்பதாகவும் ஆணையிட்டுக் கூறுவதே அந்தப் பிரமாணத்தின் சாரம். பதினெட்டு வயது நிரம்பியவர் இதனை எடுக்காமல் பதிவு பெற இயலாது என்பது அரசமைப்புச் சட்டத்தின் 18ஆவது விதி.

பாட்டனார் பால்மரம் வெட்டுபவர், எழுதப் படிக்கத் தெரியாதவர், கற்பூரத்திற்கு அஞ்சுபவர். அவருடைய தாயார் அப்போது சேலம் மாவட்டத்துச் சிற்றூர் ஒன்றில் உயிருடன் இருந்தார். படிவத்தை ஒருவர் படித்துக் காட்டியதும் அவருக்கு அன்றிரவு உறக்கம் பிடிக்கவில்லையாம். மறுநாள் வேலை முடிந்ததும் பள்ளி ஆசிரியரைத் தேடிச் சென்று, "வாத்தியாரய்யா, ஆத்தாவ மறந்துடுறேன்னு சத்தியம் பண்ணச் சொல்றாங்களா?" என்று கேட்டிருக்கிறார். என் தந்தையார் இதனைப் பலமுறை சொல்லக் கேட்டிருக்கிறேன். ஆசிரியர் கூறிய விடையைப் பின்னர்ப் பார்ப்போம். கேள்வி எளியதன்று. நாட்டை ஆளும் அதிகாரம் குடிமகனின் உள்ளத்துக்குள் எவ்வளவு தொலைவு வரலாம் என்பதே அந்தக் கேள்வியின் பொருள். முடியாட்சி நடைபெற்ற ஒரு நாட்டில் இதே கேள்விக்காகச் சிலர் தலையையும், பலர் சொத்தையும், இன்னும் பலர் பதவியையும் இழந்திருக்கிறார்கள். அந்நாடு இங்கிலாந்து. நமது நீதிமன்ற நடைமுறையும் நாடாளுமன்ற நடைமுறையும் பெரும்பாலும் அங்கிருந்து வந்தவை. ஆதலால் அந்த வரலாற்றை நாம் அறிந்துகொள்வது பயனுடையது.

ஓர் அரசரின் திருமணம்

இங்கிலாந்தை எட்டாம் ஹென்றி ஆண்ட காலம். அரசி கேத்தரினுக்கு ஆண் வாரிசு இல்லை. அவரை விலக்கிவிட்டு ஆன் பொலின் என்னும் மங்கையை மணக்க அரசர் விரும்பினார். கத்தோலிக்கத் திருச்சபையின் தலைவராகிய போப்பாண்டவர் அந்த மணவிலக்குக்கு இணங்கவில்லை. ஆண்டுகள் பல கடந்தன. இறுதியில் அரசர் ரோமாபுரியோடு உறவை முறித்துக்கொண்டு, 1533இல் ஆன் பொலினை மணந்தார். அவ்வாண்டே பெண் மகவு பிறந்தது. பின்னாளில் எலிசபெத் அரசியாக விளங்கியவர் அக்குழந்தையே.

1534ஆம் ஆண்டு நாடாளுமன்றம் ஒரு சட்டம் இயற்றியது. ஆன் பொலினின் மக்களே அரியணைக்கு உரியவர்கள் என்பது அச்சட்டத்தின் கருத்து. அரசுரிமை யாருக்கு என்று நாடாளுமன்றம் வரையறுப்பதில் வியப்பில்லை. ஆயினும் அச்சட்டம் மேலும் ஒன்று செய்தது. அரசரின் முதல் திருமணம் தொடக்கத்திலிருந்தே செல்லாது என்றும், போப்பாண்டவருக்கு அதில் அதிகாரம் இல்லை என்றும் முகவுரையில் கூறி, வயதுவந்த குடிமக்கள் எல்லாரும் சட்டம் முழுவதையும் ஏற்பதாகச் சத்தியம் செய்ய வேண்டுமெனக் கட்டளையிட்டது. மறுப்பவருக்கு வாழ்நாள் சிறையும் சொத்துப் பறிமுதலும் தண்டனை.

இவ்விடத்தில் சற்று நின்று கவனிக்க வேண்டும். "இன்னாரை அரசராக ஏற்று நடப்பேன்" என்பது ஒரு வாக்குறுதி. இனிமேல் நான் செய்யப்போவதைப் பற்றியது. "இன்ன திருமணம் செல்லாது என்று நம்புகிறேன்" என்பதோ என் உள்ளத்தில் இருப்பதைப் பற்றியது. முன்னதை ஒருவர் தாமே முடிவு செய்து தரலாம். பின்னதைக் கட்டளையின்பேரில் எப்படித் தருவது? நம்பாதவர் நம்புவதாக ஆணையிட்டால் அது பொய்ச் சத்தியம் ஆகும். இரண்டையும் ஒரே வாக்கியத்தில் பிணைத்ததுதான் அச்சட்டத்தின் கொடுமை.

தாமஸ் மோர்

அந்தப் பிணைப்பில் சிக்கியவர் தாமஸ் மோர். 1478இல் பிறந்தவர், சட்ட வல்லுநர், பேரறிஞர், நாட்டின் மிக உயர்ந்த சட்டப் பதவியாகிய சான்சலர் பதவியை 1529 முதல் வகித்தவர், அரசரின் நெருங்கிய நண்பர். மணவிலக்கு விவகாரத்தில் உடன்பட இயலாமல் 1532ஆம் ஆண்டு மே மாதம் பதவியைத் துறந்து வீடு திரும்பினார். எதிர்ப்புக் கூட்டம் எதையும் கூட்டவில்லை. அரசரைக் குறைகூறவும் இல்லை. வாய்மூடி இருந்தார். ஆயினும் அவ்வளவு புகழ்பெற்ற மனிதரின் மௌனம் நாடெங்கும் உரக்கக் கேட்டது.

1534 ஏப்ரல் 13ஆம் நாள் லாம்பெத் அரண்மனைக்கு அவர் அழைக்கப்பட்டார். பிரமாண வாசகத்தை வாங்கிப் படித்தார். சட்டத்தின் பிரதியையும் கேட்டு வாங்கி ஒப்பிட்டுப் பார்த்தார். அரசுரிமையைப் பற்றி மட்டும் ஆணையிடத் தமக்குத் தடையில்லை. எழுதியுள்ளபடி முழுவதற்கும் ஆணையிட்டால் தம் ஆன்மா அழியும் என்றார். பிறர் ஆணையிடுவதைத் தாம் குறைகூறவில்லை என்றும் சேர்த்துக்கொண்டார். சற்று யோசிக்கட்டும் என்று அவரை வேறோர் அறையில் அமர்த்தினார்கள். அதன் சாளரத்தின் வழியே தோட்டத்தில் உலாவிய குருமார்கள் தெரிந்தார்கள். ஏறத்தாழ எல்லாரும் ஆணையிட்டுவிட்டு மகிழ்ச்சியாகச் சிரித்துப் பேசிக்கொண்டிருந்தார்கள்.

பேராயர் கிரான்மர் ஒரு நுட்பமான வாதத்தை முன்வைத்தார். "ஆணையிட்ட மற்றவர்களை நீர் குற்றம் சொல்லவில்லை, எனவே அது பாவம் என்பது உமக்கே ஐயத்திற்கு உரியது. அரசருக்குக் கீழ்ப்படிய வேண்டும் என்பதோ ஐயத்திற்கு இடமில்லாதது. ஐயமானதை விட்டு உறுதியானதைப் பற்றிக்கொள்ளும்" என்பது அதன் கருத்து. மோர் ஒரு கணம் திகைத்ததாகப் பின்னர்த் தம் மகளுக்கு எழுதியிருக்கிறார். பிறகு தெளிந்து விடையளித்தார். அந்த வழி சரியென்றால் உலகில் எந்த ஐயத்தையும் அரசரின் ஒரு கட்டளையால் தீர்த்துவிடலாமே என்பதுதான் அவ்விடை. நான்கு நாள்களில் அவர் லண்டன் கோபுரச் சிறையில் அடைக்கப்பட்டார்.

சிறையில் அவர் பட்ட வேதனைகளுள் பெரியது, வீட்டார் எதிரே நின்று கெஞ்சியதுதான். மனைவி ஆலிஸ் வெளிப்படையாகப் பேசும் இயல்பினர். நாட்டின் ஆயர்களும் அறிஞர்களும் செய்ததைச் செய்துவிட்டால் உம் வீட்டில், உம் நூல்களுக்கு நடுவில், மனைவி மக்களோடு இருக்கலாமே. இந்த அழுக்குச் சிறையில் எலிகளோடு கிடக்கிறீரே என்று கடிந்துகொண்டார். குடும்பத் தலைவன் பிடிவாதத்தால் அடுப்பு எரியாமற் போகும்போது எந்தப் பெண்தான் இப்படிக் கேட்க மாட்டாள்? அவரை நாம் குறைத்து மதிப்பிட வேண்டியதில்லை. மூத்த மகள் மார்கரெட்டோ, "இறைவனின் சட்டம் இடங்கொடுக்கும் அளவுக்கு" என்னும் நிபந்தனையைச் சேர்த்து ஆணையிட்டிருந்தார். தந்தையும் அவ்வாறே செய்யலாகாதா என்று மன்றாடினார். மகளின் கண்ணீர்தான் தம்மை மிகவும் அசைத்தது என்று மோர் எழுதினார். ஆயினும் இசையவில்லை.

அதே ஆண்டின் இறுதியில் வேறு இரு சட்டங்கள் வந்தன. ஒன்று, இங்கிலாந்துத் திருச்சபைக்கு அரசரே தலைவர் என்றது. மற்றொன்று, அந்தப் பட்டத்தைத் தீய எண்ணத்தோடு சொல்லால் மறுத்தாலும் மரண தண்டனை என்றது. மோர் சொல்லால் மறுக்கவே இல்லை. மௌனம் சம்மதத்தைக் குறிக்கும் என்பதே சட்ட வழக்கு. ஆதலால் மௌனத்தைக் குற்றமாகக் கொள்ள முடியாது என்பது அவருடைய வாதம். 1535 ஜூலை 1ஆம் நாள் வெஸ்ட்மின்ஸ்டர் மண்டபத்தில் வழக்கு நடந்தது. ரிச்சர்டு ரிச் என்னும் அரசு வழக்குரைஞர் சாட்சிக் கூண்டேறி, சிறையில் தம்மோடு உரையாடியபோது மோர் அரசரின் பட்டத்தை மறுத்தார் என்று ஆணையிட்டுக் கூறினார். மோர் அளித்த மறுமொழி கேட்டவர் நெஞ்சில் தைத்திருக்க வேண்டும். சத்தியத்தை மதியாத மனிதனாக நான் இருந்திருந்தால், இன்று இந்த இடத்தில் குற்றவாளியாக நிற்க நேர்ந்திராதே என்றார்.

ஒரு மனிதர் சத்தியம் செய்ய அஞ்சியதால் கூண்டில் நின்றார். இன்னொருவரின் சத்தியம் அவரைக் கொலைக்களத்திற்கு அனுப்பியது. ஜூலை 6ஆம் நாள் மோரின் தலை துண்டிக்கப்பட்டது. இரண்டு வாரங்களுக்கு முன்பு, ஜூன் 22ஆம் நாள், ஆயர் ஜான் ஃபிஷரும் இதே காரணத்திற்காக உயிர்நீத்திருந்தார். கடைசி நேரத்திலும் தாம் அரசரின் நல்ல ஊழியர் என்றே மோர் கூறினார். ஆனால் முதற்கண் இறைவனின் ஊழியர் என்றார்.

மோரைத் தூய உருவமாக வரைந்து காட்டுவது எளிது. ஆனால் வரலாறு முழுவதையும் சொல்ல வேண்டும். அவர் சான்சலராக இருந்த ஆண்டுகளில், திருச்சபைக் கொள்கையை மறுத்தவர்கள் என்று ஆறு பேர் உயிரோடு எரிக்கப்பட்டனர். அது முறையே என்றுதான் அவர் கருதினார். அந்த அறுவரும் தத்தம் மனச்சான்றுக்காகவே இறந்தவர்கள். தம் மனச்சான்றுக்கு மதிப்புக் கேட்பவர் பிறருடையதையும் மதிக்க வேண்டும் என்னும் எண்ணம் அக்காலத்தில் யாருக்கும், அந்தப் பேரறிஞருக்கும்கூட, முழுமையாக விளங்கவில்லை. அது விளங்குவதற்கு இன்னும் 300 ஆண்டுகளுக்கு மேல் தேவைப்பட்டது.

ஆணையிடவே மாட்டோம் என்றவர்கள்

1605இல் நாடாளுமன்றத்தை வெடிமருந்து வைத்துத் தகர்க்க ஒரு சதி நடந்து, கண்டுபிடிக்கப்பட்டது. அதன் விளைவாக 1606இல் புதிய விசுவாசப் பிரமாணம் ஒன்று வந்தது. கத்தோலிக்கரை அடையாளம் காண வகுக்கப்பட்ட அப்பிரமாணம், பின்னர் முற்றிலும் வேறான ஒரு கூட்டத்தார்மீது பாய்ந்தது. அவர்கள் குவேக்கர் என்னும் கிறிஸ்துவப் பிரிவினர். அரசருக்குக் கீழ்ப்படிய அவர்கள் மறுக்கவில்லை, சதி செய்யவில்லை, ஆயுதம் ஏந்துவதே அவர்கள் சமயத்திற்கு விரோதம். ஆனால் எந்தச் சத்தியமும் செய்ய மாட்டோம் என்றார்கள். சத்தியமே செய்யாதீர்கள், ஆம் என்றால் ஆம், இல்லை என்றால் இல்லை என்று இருங்கள் என இயேசுநாதர் போதித்திருக்கிறார் என்பது ஒரு காரணம். மற்றொரு காரணமும் சொன்னார்கள். "இப்போது சத்தியமாகச் சொல்கிறேன்" என்பவர், மற்ற வேளைகளில் சொல்வது அவ்வளவு உண்மையன்று என்று ஒப்புக்கொள்கிறார் அல்லவா? இதைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு அந்த அழிப்பான் சிறுவர்கள் நினைவுக்கு வருகிறார்கள்.

இது நீதிபதிகளுக்கு வசதியாகப் போயிற்று. ஒரு குவேக்கரைப் பிடித்துவந்து, வேறு குற்றம் எதையும் மெய்ப்பிக்க இயலாவிட்டால், விசுவாசப் பிரமாணத்தை எடுக்கச் சொல்வார்கள். அவர் மறுப்பார் என்பது முன்னரே தெரியும். மறுத்ததும் அதுவே குற்றமாகிவிடும். மார்கரெட் ஃபெல் என்னும் அம்மையார் ஒரு நீதிபதியின் கைம்பெண். தம் வீட்டில் வழிபாட்டுக் கூட்டம் நடத்தியவர். 1664இல் பிரமாணம் எடுக்க மறுத்தமைக்காக அவருக்கு வாழ்நாள் சிறையும் சொத்துப் பறிமுதலும் விதிக்கப்பட்டன. லங்காஸ்டர் கோட்டையில் நான்கு ஆண்டுகள் அடைபட்டுக் கிடந்து, 1668இல் விடுதலையானார். சிறையிலிருந்தபடியே நூல்களும் எழுதினார்.

இப்படி ஆயிரக்கணக்கானோரைச் சிறையில் நிரப்பியும் ஒருவரையும் மாற்ற முடியாத பிறகே அரசு வழிக்கு வந்தது. 1696இல் ஒரு சட்டம், குவேக்கர்கள் சத்தியத்திற்குப் பதிலாக உறுதிமொழி கூறலாம் என்று அனுமதித்தது. குற்ற வழக்குகளில் சாட்சி கூறவும் அரசுப் பதவி வகிக்கவும் அப்போதும் இடமில்லை. ஆயினும் வாசல் திறந்துவிட்டது. அரசுக்கு வேண்டியது உண்மையும் கீழ்ப்படிதலும் என்றால், அவற்றை மனிதர் எந்தச் சொல்லால் தந்தாலும் பெற்றுக்கொள்ளலாம் என்பதைச் சட்டம் முதன்முறையாக ஒப்புக்கொண்டது.

இரண்டு அரசர்கள், ஒரே நாக்கு

இதற்கிடையே 1688ஆம் ஆண்டு விசித்திரமான ஒரு நெருக்கடி நேர்ந்தது. இரண்டாம் ஜேம்ஸ் மன்னரின் ஆணை ஒன்றைச் சட்ட விரோதமானது என்று கூறி ஏழு ஆயர்கள் எதிர்த்தனர். அவர்களின் தலைவர் பேராயர் வில்லியம் சான்கிராஃப்ட். அரசர் அந்த எழுவரையும் கோபுரச் சிறையில் அடைத்தார். நீதிமன்றம் விடுதலை செய்தது. லண்டன் மாநகரமே கொண்டாடியது. அவ்வாண்டு டிசம்பரில் ஜேம்ஸ் நாட்டை விட்டு ஓடினார். நாடாளுமன்றம் வில்லியம், மேரி ஆகிய இருவரையும் அரியணையில் அமர்த்தியது. புதிய மன்னர்களுக்கு விசுவாசப் பிரமாணம் எடுக்குமாறு எல்லாப் பதவியினரும் அழைக்கப்பட்டனர்.

தம்மைச் சிறையிலிட்ட அரசர் ஒழிந்தார் என்று சான்கிராஃப்ட் மகிழ்ச்சியோடு ஆணையிட்டிருப்பார் என்றுதானே எண்ணுவீர்கள்? அவர் மறுத்துவிட்டார். "ஜேம்ஸ் மன்னருக்கு விசுவாசமாக இருப்பதாக முன்பே ஆணையிட்டிருக்கிறேன். அவர் உயிரோடு இருக்கிறார். ஒரே நாவால் இன்னொருவருக்கும் எப்படி ஆணையிடுவேன்?" என்பது அவருடைய நிலை. சிறைசென்ற எழுவரில் ஐவர் இவ்வாறு மறுத்தார்கள். ஏறத்தாழ 400 குருமார்களும் பதவி இழந்தார்கள். சான்கிராஃப்ட் அரண்மனையை விட்டு வெளியேறி, பிறந்த ஊராகிய ஃபிரெஸ்ஸிங்ஃபீல்டு சிற்றூருக்குத் திரும்பி, 1693இல் அங்கேயே காலமானார். தீய கட்டளைக்குப் பணியாமல் இருப்பது வேறு, தந்த சொல்லை மீறுவது வேறு என்று அவர் கருதினார். அவருடைய முடிவு சரியா என்பதில் கருத்து வேறுபாடு இருக்கலாம். என்னைக் கேட்டால், மக்களைக் கைவிட்டு ஓடிய மன்னரிடம் பட்ட கடன் தீர்ந்துவிட்டது என்பேன். ஆனால் அவருக்குக் கிடைத்த ஆதாயம் ஏதுமில்லை என்பதையும் சொல்லியாக வேண்டும்.

புதிய அரசு அவருடைய தலையைக் கேட்கவில்லை. 1535ஐ நினைத்துப் பார்த்தால் இந்த மாற்றம் விளங்கும். மேலும், 1689ஆம் ஆண்டுப் பிரமாணத்தில் மன்னரை "உரிமையும் சட்டமுறையும் உடைய" அரசர் என்று அறிக்கையிடும் பழைய சொற்கள் நீக்கப்பட்டன. விசுவாசமாகவும் உண்மையான பற்றுறுதியோடும் இருப்பேன் என்னும் வாக்குறுதி மட்டுமே எஞ்சியது. தயங்கியவர்கள் பலர் ஆணையிட அது வழிசெய்தது. அதே ஆண்டில், முடிசூடும் மன்னரும் நாடாளுமன்றம் இயற்றிய சட்டங்களின்படியே ஆள்வேன் என்று மக்களுக்கு ஆணையிட வேண்டும் என்று சட்டமாயிற்று. பிரமாணம் ஒருவழிப் பாதையாக இருந்த நிலை மாறிற்று.

நாடாளுமன்ற வாசலில்

ஆயினும் நாடாளுமன்றத்தின் வாசலில் பிரமாணம் இன்னும் காவல் நின்றது. மக்கள் தேர்ந்தெடுத்தாலும், வாசகத்தை ஒப்பிக்க இயலாதவர் உள்ளே அமர முடியாது. அயர்லாந்துக் கத்தோலிக்கரான டேனியல் ஓ'கானல் 1828இல் வென்றார். அவர் பொருட்டு 1829இல் சட்டம் மாறியது. ஜோசப் பீஸ் என்னும் குவேக்கர் 1833இல் உறுதிமொழி கூறி அமர்ந்தார். யூதரான லயனல் டி ராத்ஸ்சைல்டு 1847இல் லண்டன் மாநகரிலிருந்து தேர்ந்தெடுக்கப்பட்டார். "ஒரு கிறிஸ்துவனின் உண்மையான விசுவாசத்தின்மீது" என்று முடியும் சொற்களை அவர் கூற மறுத்தார். நகர மக்கள் மீண்டும் மீண்டும் அவரையே தேர்ந்தெடுத்தார்கள். 11 ஆண்டுகள் வாசலில் காத்திருந்து, 1858 ஜூலை 26ஆம் நாள் யூத மறைநூலின்மீது ஆணையிட்டு உள்ளே நுழைந்தார்.

கடைசியாக வந்தவர் சார்லஸ் பிராட்லா. கடவுள் நம்பிக்கை இல்லாதவர். 1880இல் நார்த்தாம்ப்டன் தொகுதி மக்கள் அவரைத் தேர்ந்தெடுத்தார்கள். உறுதிமொழி கூறுகிறேன் என்றார், சபை மறுத்தது. அப்படியானால் வழக்கமான ஆணையையே எடுக்கிறேன் என்றார். நம்பாதவர் எடுக்கும் ஆணை செல்லாது என்று அதையும் மறுத்தது. வெளியேற மறுத்ததால் ஓர் இரவு மணிக்கூண்டில் அடைத்து வைத்தார்கள். 1881, 1882, 1884 ஆகிய ஆண்டுகளில் நடந்த இடைத்தேர்தல்களிலும் அதே தொகுதி மக்கள் அவரையே அனுப்பினார்கள். அத்தொகுதி காலணி தைப்பவர்கள் நிறைந்த ஊர் என்பதை நம் வாசகர்கள் கவனிக்கலாம். அவருடைய நாத்திகம் அவர்களில் பலருக்கு உடன்பாடன்று. தாங்கள் தேர்ந்தவரை உள்ளே விட வேண்டும் என்பதுதான் அவர்களின் வழக்கு. 1886இல் அவைத்தலைவர் யாருடைய தடையையும் கேளாமல் அவரை ஆணையிட அனுமதித்தார். 1888இல் பிராட்லாவே முன்னின்று ஒரு சட்டத்தை நிறைவேற்றினார். ஆணையிட மனம் ஒப்பாத எவரும், எந்த இடத்திலும், உறுதிமொழி கூறலாம் என்பது அச்சட்டம்.

இவர் இந்தியர்களின் நலனுக்காகவும் அச்சபையில் குரல் கொடுத்தவர். 1889இல் பம்பாயில் நடந்த காங்கிரஸ் மாநாட்டிலும் கலந்துகொண்டார். 1891 ஜனவரியில் அவர் மரணப் படுக்கையில் கிடந்தபோது, அவரை வெளியேற்றிய பழைய தீர்மானத்தைச் சபை தன் ஏட்டிலிருந்து நீக்கியது. அந்தச் செய்தியை அறியும் நிலையில் அவர் இல்லை. அவருடைய இறுதிச் சடங்கிற்குச் சென்றவர்களுள், லண்டனில் சட்டம் பயின்றுகொண்டிருந்த மோகன்தாஸ் காந்தி என்னும் இளைஞரும் ஒருவர்.

கங்கை நீரும் நமது படிவமும்

நம் முன்னோர் வாழ்ந்த இந்தியாவிலும் இக்கேள்வி எழுந்ததுண்டு. கிழக்கிந்தியக் கம்பெனியின் நீதிமன்றங்களில் இந்துக்களைக் கங்கை நீரின்மீதும் இஸ்லாமியரைக் குர்ஆன்மீதும் ஆணையிட வைத்தார்கள். நீதிமன்றத்தில் அவ்வாறு ஆணையிடுவதை இழிவாகவும் பாவமாகவும் கருதிய பலர், உண்மை தெரிந்திருந்தும் சாட்சி சொல்ல வராமல் ஒதுங்கினர். 1840ஆம் ஆண்டின் ஐந்தாம் சட்டம் அந்த முறைகளை நீக்கி, உறுதிமொழியைக் கொண்டுவந்தது. அவை மக்களின் மனச்சான்றுக்கு ஒவ்வாதவை என்று அச்சட்டமே காரணம் கூறியது. இங்கிலாந்தில் எல்லாருக்கும் அவ்வுரிமை கிட்டுவதற்கு 48 ஆண்டுகள் முன்னரே இது நடந்தது.

நம் நாட்டில் நடைமுறையில் உள்ள 1949ஆம் ஆண்டுச் சட்டத்தின் பெயரிலேயே சத்தியப் பிரமாணம், உறுதிமொழி ஆகிய இரண்டும் உள்ளன. நாடாளுமன்ற உறுப்பினர்களுக்கு அரசமைப்புச் சட்டத்தின் ஆறாவது அட்டவணை வகுத்துள்ள வாசகத்திலும் "ஆணையிடுகிறேன்" என்பதற்கு அருகில் "உறுதி கூறுகிறேன்" என்னும் சொல் பிறைக்குறிக்குள் நிற்கிறது. அந்தச் சிறு சொல்லுக்குப் பின்னால் மார்கரெட் ஃபெல் அம்மையாரின் நான்கு ஆண்டுகளும், ராத்ஸ்சைல்டின் பதினோர் ஆண்டுகளும் இருக்கின்றன. உறுப்பினர் மலேசியாவுக்கு விசுவாசமாக இருப்பதாகவும் அரசமைப்பைக் காப்பதாகவும் வாக்களிக்கிறார். இன்னதை நம்புகிறேன் என்று கூறுமாறு அந்த வாசகம் கேட்பதில்லை. சமய உரிமைக்கு 11ஆவது விதி தனியே இடம் வகுத்திருக்கிறது.

மாமன்னரும் பதவியேற்கும்போது, நாட்டின் சட்டங்களுக்கும் அரசமைப்புக்கும் இணங்கக் கடமையாற்றுவதாக மலாய் ஆட்சியாளர்கள் மாநாட்டின் முன்னிலையில் பிரமாணம் எடுக்கிறார். இது இங்கிலாந்திலிருந்து மட்டும் வந்த வழக்கமென்று கருத வேண்டாம். "செஜாரா மெலாயு" என்னும் பழைய மலாய் நூல், டெமாங் லெபார் டாவுன் என்னும் குடித்தலைவருக்கும் முதல் மன்னருக்கும் இடையே நடந்த உடன்படிக்கையை விவரிக்கிறது. குடிகள் துரோகம் நினைப்பதில்லை என்று தலைவர் வாக்களித்தார். குடிகள் எவ்வளவு பெரிய குற்றம் செய்தாலும் அவர்களை இழித்துரைத்து மானத்தைக் கெடுப்பதில்லை என்று மன்னர் வாக்களித்தார். 1970ஆம் ஆண்டு ஆகஸ்டு 31ஆம் நாள் அறிவிக்கப்பட்ட ருக்குன் நெகாராவில் பேரரசருக்கும் நாட்டுக்கும் விசுவாசம் செலுத்துதல் என்னும் கோட்பாட்டைப் பள்ளிப் பிள்ளைகள் ஒப்பிக்கும்போது, இந்த உடன்படிக்கையின் இரண்டு பக்கங்களையும் அவர்களுக்குச் சொல்லிக்கொடுப்பது ஆசிரியர்களின் கடமை என்பது என் கருத்து.

இனி, பாட்டனாருக்கு அந்தப் பள்ளி ஆசிரியர் கூறிய விடைக்கு வருவோம். அவர் தாமஸ் மோரைப் பற்றி அறிந்திருந்தாரோ இல்லையோ, மோர் செய்ததையே செய்தார். படிவத்தை வாங்கி, ஒவ்வொரு சொல்லாக, விரலை வைத்து மீண்டும் படித்தார். "அண்ணே, இதுல 'நாடு'ன்னுதான் போட்டிருக்கு. வேற நாட்டு அரசாங்கத்துக்குக் கட்டுப்பட மாட்டேன், இந்த நாட்டுக்கு உண்மையா நடப்பேன்னு கேக்குறாங்க. தாய், ஊரு, சாமி இதெல்லாம் இதுல எங்கேயும் இல்லை. இல்லாததுக்கு நீங்க ஏன் பயப்படணும்?" என்றார். பாட்டனார் அவரை இன்னொரு முறை படிக்கச் சொல்லிக் கேட்டாராம்.

குறித்த நாளில் விடியற்காலையில் குளித்து, திருநீறு அணிந்து, வெள்ளைச் சட்டையோடு லாரியில் ஏறிச் சென்று பிரமாணம் எடுத்து வந்தார். அந்தச் சான்றிதழ் இன்றும் எங்கள் வீட்டில் இருக்கிறது. அதே தகரப் பெட்டியில், 1963 வரை சேலத்திற்குத் தாயாருக்கு அனுப்பிய மணியார்டர் ரசீதுகளும் நூலால் கட்டி வைக்கப்பட்டிருக்கின்றன.